சத்திக் குளிசை

எங்கள் அப்பா பேசாலையில் இருபத்தெட்டு வருடம் கடலுக்குப் போனவர். அவருடைய மூத்த மகளான எனக்கோ, கரையில் கட்டிக் கிடக்கிற வள்ளத்தில் ஏறி இருந்தாலே வயிற்றைப் பிரட்டும். ஒரு திருநாளன்று உறவுக்காரர் எல்லாரும் வள்ளத்தில் ஏறிப் படம் எடுத்தார்கள். வள்ளம் மணலில்தான் நின்றது. படத்தில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே குனிந்து நிற்கிறேன்.

இவளுக்குக் கடல் சரிவராது என்றுதான் என்னைப் படிக்கவைத்தார்கள். படித்துக் கணித ஆசிரியை ஆனேன். கட்டுக்கரைக் குளத்துக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சின்னப் பாடசாலைக்கு முதல் நியமனம் வந்தது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு அப்பா சந்தோஷப்பட்டார்.

"அங்க கடலில்லைப் பிள்ளை. குளம்தான். குளத்தில அலையில்லை," என்றார்.

அந்த ஊருக்குப் போக ஒரு றோட்டு இருக்கிறது, அந்த றோட்டில் வாகனம் ஓடுகிறது என்பதை நாங்கள் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மன்னார்த் தீவும் நகரமும் ஆமியிடம் இருந்தன. உயிலங்குளத்துக்கு அப்பால் இயக்கத்தின் பகுதி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை நான் வீட்டுக்குப் போய் வருவேன். முதலில் ஊரிலிருந்து ஒரு வானில் உயிலங்குளம் வரை. அங்கே இறங்கி நடந்து, ஆமியின் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, பையைக் கொட்டிக் காட்டி, மறுபக்கம் போய் பஸ் பிடித்து நகரம். நகரத்திலிருந்து தலைமன்னார் பஸ்ஸில் ஏறிப் பேசாலையில் இறங்கவேண்டும். ஒன்றரை மணித்தியாலத்தில் முடியவேண்டிய பயணத்துக்குச் சில நாள் முழுப் பகலும் போய்விடும்.

இதில் வான்தான் எனக்கு எமன். பெற்றோல் அந்தப் பக்கம் வரத் தடை. அதனால் சாரதிமார் இரண்டு துளி பெற்றோலை ஊதி எஞ்சினைக் கிளப்பிவிட்டு மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை பின்னால் போவதற்குப் பதிலாக உள்ளே வரும். நல்ல வயிறு உள்ளவர்களே துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். நான் புறப்பட்டு ஐந்து நிமிடத்தில் யன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுக்கத் தொடங்கிவிடுவேன்.

எனக்கு எல்லாரும் வைத்தியம் சொன்னார்கள். தேசிக்காயை முகரச் சொன்னார்கள். புளியை நாக்கின் கீழே வைக்கச் சொன்னார்கள். வேர்க்கொம்பு, ஏலக்காய், உப்புப் போட்ட நெல்லிக்காய் எல்லாம் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தன. வயிற்றில் பேப்பரைக் கட்டினால் பிரட்டாது என்று பாடசாலை அதிபர் சொன்னார். பழைய பத்திரிகை ஒன்றை நாலாய் மடித்துச் சேலைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். சாவடியில் பெண்களைச் சோதிக்கிற குடிலுக்குள் நின்ற ஆமிப் பெண் அதை இழுத்தெடுத்து விரித்தாள். முழுப்பக்கமும் மரண அறிவித்தல்கள். அவள் ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். விளங்கப்படுத்த எனக்குச் சிங்களம் தெரியாது. ஓங்காளித்துக் காட்டினேன். உடனே போகச் சொல்லிவிட்டாள்.

தலைமன்னார் பஸ்ஸின் கொண்டக்டருக்கு என்னைக் கண்டாலே முகம் மாறும். ரிக்கற் எழுத முதல், "ரீச்சர், யன்னல் சீற். சொப்பின் பை இருக்கோ?" என்று கேட்பார். பஸ்ஸில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்படி ஒரு வருடம் போன பிறகு அம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. நகரத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருக்கிற மாப்பிள்ளை ஒருவருடைய வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என்னைப் பார்க்க வருகிறார்களாம். தகப்பன் இல்லை, தாய்தான் எல்லாம். அந்தத் தாய் ஏற்கெனவே மூன்று பிள்ளைகளைப் பார்த்து, ஒருத்தியைப் பல்லுக்காகவும் ஒருத்தியைக் குரலுக்காகவும் வேண்டாம் என்று சொன்னவராம். மூன்றாவது பிள்ளையைத் தட்டிக்கழித்த காரணத்தைத் தரகர் சொல்ல மறுத்துவிட்டார். "நீ சனிக்கிழமையே வந்து சேர். முகம் வாடாமல் வா," என்று அம்மா எழுதியிருந்தார்.

முகம் வாடாமல் வருவது எப்படி? ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் இரண்டு நாளைக்கு நான் அவித்த பனங்கிழங்கு மாதிரித்தான் இருப்பேன். வேறு வழி தெரியாமல் ஊர் மருந்தகத்துக்குப் போனேன்.

அங்கே டொக்டர் இல்லை. அப்போதிக்கரி ஒருவர் இருந்தார். அவர்தான் சுற்றியிருந்த ஏழெட்டு ஊருக்கும் வைத்தியர். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு பக்கம் உடைந்த கண்ணாடியை நூலால் கட்டிப் போட்டிருப்பார். மருந்துகளுக்கும் தடை இருந்ததால் அவருடைய அலுமாரியில் பாதித் தட்டு எப்போதும் வெறுமைதான். அந்தக் குறையை அவர் விளக்கத்தால் நிரப்பினார். காய்ச்சலுக்கு ஒரு குளிசை கேட்டுப் போனவனுக்குக் காய்ச்சல் எங்கே தொடங்குகிறது, குளிசை எந்த வழியால் போகிறது என்று எல்லாம் சொல்லித்தான் விடுவார். ஊரில் அதைப் பிரசங்கம் என்பார்கள். நெல் காயப்போட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது பெரிய சோதனை.

"சத்தி எண்டது வயித்தில இல்லை, ரீச்சர்," என்று எனக்கும் தொடங்கினார். "மூளையில ஒரு சின்ன இடம் இருக்கு. அதுதான் வயித்துக்கு ஓடர் குடுக்கிறது. இந்தக் குளிசை அந்த இடத்தைச் சும்மா இரு எண்டு சொல்லும். இதின்ரை பேர் மெட்டோகுளோபிரமைட்."

"எத்தினை போடவேணும்?"

"ஒண்டு. வெளிக்கிட அரை மணித்தியாலத்துக்கு முதல். பிறகு எட்டு மணித்தியாலத்துக்கு ஒண்டும் போடக்கூடாது. கூடப் போட்டால் மூளையில பக்கத்து இடங்களும் குழம்பும்."

"குழம்பினால்?"

"கழுத்து, கண், நாக்கு எல்லாம் தங்கட பாட்டில போகும். உங்கட வயசுப் பொம்பிளைப் பிள்ளையளுக்குத்தான் அது கூட வாறது."

நான் தலையாட்டினேன். மனதுக்குள், இதுவும் பிரசங்கத்தின் ஒரு பகுதி என்று நினைத்தேன். நாலு வெள்ளைக் குளிசைகளைத் தாளில் மடித்துத் தந்தார். போக ஒன்று, வர ஒன்று, மற்ற இரண்டும் அடுத்த முறைக்கு.

சனிக்கிழமை காலையில் சொன்னபடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வானில் ஏறினேன். மழைக்குப் பிறகு றோட்டில் றோட்டை விடக் கிடங்கும் பள்ளமும்தான் அதிகம். பக்கத்தில் இருந்த மனுசியின் மடியில் கூடைக்குள் இரண்டு கோழிகள். எஞ்சின் கிளம்பிப் புகை உள்ளே வந்ததும் எனக்கு வாயில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அப்போது நான் ஒரு கணக்குப் போட்டேன். சாதாரண ஆளுக்கு ஒரு குளிசை. நான் சாதாரண ஆளைப்போல மூன்று மடங்கு சத்தி எடுக்கிறவள். ஆகவே எனக்கு ஒன்று எப்படிக் காணும்? கணிதம் படிப்பிக்கிறவளுக்கு இதில் பிழை தெரியவில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறந்து இரண்டாவதைப் போட்டேன்.

அன்றைக்கு உயிலங்குளம் வரை நான் சத்தி எடுக்கவில்லை. இறங்கும்போது சாரதி திரும்பி என்னைப் பார்த்து, "ரீச்சர் சுகமில்லையோ?" என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. இன்னும் இரண்டு பஸ் இருக்கிறது, இந்த வெற்றியை விடக்கூடாது என்று மூன்றாவதையும் போட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றேன்.

வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றிருப்பேன். முதலில் தாடை இறுகியது. தாகம் என்று நினைத்தேன். பிறகு நாக்கு வாய்க்குள் அடங்காத அளவுக்குப் பெரிதானது போல இருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் போய், நான் மேசைக்கு முன்னால் வந்து அடையாள அட்டையை நீட்டினேன். ஆமிக்காரர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து என் கண் இரண்டும் நான் சொல்லாமலே மேலே போயின. கீழே இறக்கப் பார்த்தேன், வரவில்லை. வானமும் ஒரு மின்சாரக் கம்பியும் கம்பியில் ஒரு காகமும்தான் தெரிந்தன. பிறகு கழுத்து மெதுவாக வலப்பக்கம் திரும்பிப் போய், அதற்கு மேல் திரும்ப இடமில்லாமல் நின்றது. கடைசியாக நாக்கு வெளியே வந்தது.

"மொகத மே?" என்று ஆமிக்காரர் கேட்டார். என்ன இது என்று அர்த்தம். அவ்வளவு எனக்கு விளங்கும். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு இன்னும் ஒரு விரற்கடை நீண்டது.

எனக்குப் பின்னால் நின்ற ஒரு வயதான மனுசி முதுகில் சுரண்டினார். "பிள்ளை, ஆமிக்கு நாக்கைக் காட்டாதேங்கோ. எங்களையும் விடமாட்டாங்கள்," என்று இரகசியமாகச் சொன்னார்.

ஆமிக்காரர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பிய சத்தம் கேட்டது. வரிசையில் யாரோ ஒரு ஆம்பிளை, "குப்பி கடிச்சிட்டாள்," என்றான். இயக்கப் பிள்ளைகள் கழுத்தில் நஞ்சுக் குப்பி கட்டியிருந்த காலம் அது. அந்த ஒரு சொல்லோடு வரிசை முழுவதும் பின்னால் போனது. ஆமியும் பின்னால் போனது. சைக்கிள்கள் விழுந்த சத்தமும் துவக்குகள் இழுபட்ட சத்தமும் அடுத்தடுத்துக் கேட்டன. நடு றோட்டில் நானும் என் பையும் தனியே நின்றோம்.

எனக்கு எல்லாம் விளங்கியது. மனம் தெளிவாக இருந்தது. நான் ஒரு ரீச்சர், நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், நான் போட்டது சத்திக் குளிசை என்று சொல்லவேண்டும். வாயால் வந்தது "ங்ஙா" என்ற ஒரு சத்தம் மட்டும். சுட்டால் சாவேன் என்ற பயம் ஒரு பக்கம், நாக்கை நீட்டிக்கொண்டு சாகப்போகிறேனே என்ற வெட்கம் ஒரு பக்கம். வெட்கம்தான் பெரிதாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

வருந்திக் கண்ணைக் கீழே இழுத்தால் ஒரு கணம் ஆட்கள் தெரிந்தார்கள், பிறகு அது திரும்பவும் மேலே போய்விடும். முதலில் கிட்ட வந்தவள் அந்தச் சோதனைக் குடில் ஆமிப் பெண்தான். துணிந்து வந்து என் கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துப் பார்த்தாள். மாதா சுரூபம். அதைக் கையால் தூக்கி மற்றவர்களுக்குக் காட்டினாள். பிறகு உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டாள்.

வந்தவர் அவர்களுடைய மருந்துக்காரர். கண்ணாடி போட்டிருந்தார், காலில் பாட்டா செருப்பு, கையில் பாதி கடித்த பணிஸ். நாலு பக்கமும் துவக்கு நீட்டியிருக்க அவர் மட்டும் பணிஸை மென்றுகொண்டு வந்து, என் முகம் திரும்பியிருந்த பக்கமாகச் சுற்றி வந்து நின்று பார்த்தார்.

"பெஹெத்? பெதி?" என்றார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "மருந்து குடிச்சது?" என்றார்.

நான் பைக்குள் கையை விட்டேன். பின்னால் போனவர்கள் எல்லாரும் இன்னும் ஒரு அடி பின்னால் போனார்கள். தாளை எடுத்து நீட்டினேன். உள்ளே ஒரு குளிசை மிச்சம் இருந்தது. அதைத் திருப்பிப் பார்த்து, "கீயத?" என்று விரல்களை ஆட்டினார். எத்தனை என்று கேட்கிறார். நான் மூன்று விரலைக் காட்டினேன். அவரும் மூன்று விரலைக் காட்டினார். நான் திரும்பவும் மூன்றைக் காட்டினேன். அவர் மற்றவர்களிடம் சிங்களத்தில் என்னவோ சொன்னார். துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து யாராவது சிரித்ததற்காக நான் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

உள்ளே ஒரு மர வாங்கில் இருத்தி, கையில் ஊசி போட்டார். "பயவென்ன எபா," என்றார். பயப்படவேண்டாமாம். பிறகு ஊசி மருந்தின் சின்னப் போத்தலைக் காட்டி, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தவர் போல, "இதும் சத்தி மருந்து. நல்ல நித்திரை வரும்," என்றார். ஒரு சத்தி மருந்து செய்த கூத்தை இன்னொரு சத்தி மருந்துதான் மாற்றுகிறது. அந்தப் போத்தலில் இருந்தது புரோமெதசின் என்பதை அப்போதிக்கரி பிறகு எனக்கு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார்.

கால் மணித்தியாலத்தில் நாக்கு உள்ளே போனது. கண் இறங்கியது. கழுத்து நேரே வந்தது. கண்ணில் முதலில் பட்டது அந்தப் பாதிப் பணிஸ், ஊசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. நன்றி சொல்வதற்குள் நித்திரை வந்துவிட்டது. அவர் ஒரு கடதாசித் துண்டில் ஆங்கிலத்தில், இந்தப் பெண் மருந்து எடுத்திருக்கிறார், நித்திரை கொள்ள விடவும் என்று எழுதி, சட்டை ஊசியால் என் சேலைத் தலைப்பில் குத்திவிட்டார். முதுகில் சுரண்டிய அந்த மனுசிதான் என்னைத் தாங்கிப் பிடித்து நகரம் வரைக்கும் கொண்டுவந்து, தலைமன்னார் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார்.

கொண்டக்டர் துண்டை வாசித்தார். அதில் எழுதியிருந்தபடியே செய்தார். நான் கண் விழித்தபோது பஸ் தலைமன்னாரில் நின்றது. பேசாலை எப்போதோ போய்விட்டது.

"என்ன, எழுப்பியிருக்கலாமே?" என்றேன். நாக்கு இன்னும் தடித்திருந்தது.

"நித்திரை கொள்ள விடச் சொல்லி எழுதியிருக்கு, ரீச்சர். அதோட, இவ்வளவு காலத்தில இண்டைக்குத்தான் நீங்கள் அமைதியா வந்தனீங்கள். எழுப்ப மனம் வரேல்லை," என்றார். திரும்பி வரும்போது என்னைத் தன் பக்கத்து சீற்றில் இருத்தி, பேசாலையில் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்கு வந்துவிட்டது. நான் ஆமிக்கு நாக்கைக் காட்டிப் பிடிபட்டேன் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். எனக்குப் பேய் பிடித்துத் தலை முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது என்று இன்னொருவர். குப்பி கடித்துவிட்டேன் என்பது கடைசியாக வந்த கதை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார். முற்றத்தில் சனம். யாரோ முன்யோசனையாகக் கோயில் மண்டபத்திலிருந்து முப்பது கதிரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சேலையில் துண்டு குத்தியபடி நான் படலையைத் திறந்து உள்ளே வந்தபோது, அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த பெரியம்மா என்னைப் பார்த்துவிட்டு அழுகையை நிறுத்த மறந்துபோய் இன்னும் கொஞ்ச நேரம் அழுதார்.

அம்மா கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது உதவும் என்றார்.

ஞாயிறு பூசைக்கு நான் எழும்பவில்லை. மத்தியானம் தலையைத் தூக்கியபோது அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். முதல் நாள் ஆஸ்பத்திரி, பொலிஸ் என்று எல்லா இடமும் தேடிவிட்டு இருட்டின பிறகுதான் வந்தாராம். "வள்ளத்தில சத்தி எடுத்தால் கடலோட போயிடும். நீ எடுக்காமல் விட்டு நாடு முழுக்கக் கலக்கிப்போட்டாய்," என்றார். வேறொன்றும் ஏசவில்லை.

நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். தாய், மாப்பிள்ளை, ஒரு மாமன். கதை அவர்களுக்கும் போயிருந்தது. தாய் வந்து இருந்ததும் நான் கொடுத்த கோப்பியை வாங்கி வைத்துவிட்டு என் கழுத்தையே பார்த்தார். அது இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது.

"மறைக்காமல் சொல்லுங்கோ. பிள்ளைக்கு இழுப்பு வருத்தம், வலிப்பு ஏதும் இருக்கோ?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஐயோ, அப்பிடி ஒண்டும் இல்லை. அங்க ஒரு அப்போதிக்கரி பிழையான மருந்தைக் குடுத்திட்டார்," என்றார் அப்பா.

தாய் என் பக்கம் திரும்பினார். "எத்தினை குளிசை போட்டனீங்கள், பிள்ளை?"

மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்று என்று சொல்ல வாய் வரவில்லை. பலகாரத்தட்டில் மூன்று எடுத்தவள் மாதிரி இருக்குமே என்று தோன்றியது.

"ஒண்டு," என்றேன்.

சொன்ன உடனேயே நான் செய்த பிழை விளங்கியது. மூன்று குளிசைக்குக் கழுத்து திரும்பினால் எனக்குப் புத்தி இல்லை. ஒரே ஒரு குளிசைக்குத் திரும்பினால் உடம்பில் ஏதோ கோளாறு. புத்தியில்லாதவள் என்ற பெயருக்குத் தப்ப நினைத்து வருத்தக்காரி ஆகிவிட்டேன்.

"ஒரு குளிசைக்கே இப்பிடியோ," என்றார் தாய். பிறகு அதிகம் கதைக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பினார்கள். படலையடியில் மாப்பிள்ளை கொஞ்சம் பிந்தி நின்று, "கழுத்து இப்ப நோகுதோ?" என்று கேட்டார். இரண்டு நாளில் கழுத்தைப் பற்றி எத்தனையோ பேர் கேட்டார்கள். நோகிறதா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

குளிசை இல்லாமல், மூன்று இடத்தில் சத்தி எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன். நான் தங்கியிருந்த வீட்டு அக்கா ஒரு கன்னம் பூசணிக்காய் போல வீங்கிப்போய் இருந்தார். பல்வலி. மூன்று நாளாக நித்திரை இல்லையாம்.

"மருந்து எடுக்கேல்லையோ அக்கா?"

"அந்தாளிட்டயோ? அந்தாள் குடுக்கிற வெள்ளைக் குளிசை போட்டுத்தானே உங்களுக்குத் தலை பின்னுக்குத் திரும்பினது. எனக்கும் திரும்பினால் நான் எப்பிடி வயலில களை பிடுங்கிறது?"

மருந்தகத்துக்குப் போய்ப் பார்த்தேன். எப்போதும் இருபது பேர் இருக்கிற வாங்கில் ஒரு பூனை படுத்திருந்தது. அப்போதிக்கரி உள்ளே தனியே இருந்து போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ ரீச்சர். இருங்கோ. இண்டைக்கு வரிசையில்லை," என்றார். கோபம் இல்லை. ஆனால் பிரசங்கமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"நான் மூண்டு போட்டனான்," என்றேன். "நீங்கள் சொன்னதைக் கேக்கேல்லை. வீட்டிலயும் ஒண்டெண்டு பொய் சொல்லிப்போட்டன்."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "மூண்டும் எத்தினை மணிக்கு?"

சொன்னேன். உடனே ஒரு கொப்பியை எடுத்தார். முதலில் கண்ணோ, கழுத்தோ? கழுத்து எந்தப் பக்கம்? நாக்கு நேரே வந்ததா, சரிந்து வந்ததா? எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு எழுதினார். எழுத எழுத அவருடைய முகம் மலர்ந்தது. "இருபது வருசமா இதைப் புத்தகத்திலதான் வாசிச்சிருக்கிறன். ஒருத்தரும் எனக்குக் காட்டேல்லை," என்றார். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன், அவர் எனக்கு நன்றி சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டுக் கதையையும் சொன்னேன்.

"இழுப்பு வருத்தம் இல்லையெண்டு நான் கடிதம் தாறன்," என்றார். "ஆனா எத்தினை போட்டதெண்டு அதில எழுதவேணும். எழுதாட்டிக் கடிதத்துக்கு அர்த்தமில்லை."

"எழுதுங்கோ," என்றேன்.

அடுத்த நாள் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். அதிபர் கூரைத் தகரத்தைப் பற்றிப் பேசி முடித்த பிறகு நான் எழும்பி, மருந்தில் பிழையில்லை, அப்போதிக்கரி ஒன்று போடச் சொல்ல நான் மூன்று போட்டேன் என்று சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு வயல்காரர், "அப்ப தலை எப்பிடித் திரும்பினது, ரீச்சர்?" என்று கேட்டார். திருப்பிக் காட்டினேன். நாக்கையும் காட்டினேன். பெற்றோர் கூட்டத்தில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை. கூட்டம் முடிந்ததும் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நேரே மருந்தகத்துக்குப் போனார். அந்தக் கிழமை முடிவதற்குள் வாங்கு நிறைந்துவிட்டது, பூனை கீழே இறங்கிவிட்டது. ஒரு வருடத்துக்குப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது மூன்றாம் வாய்ப்பாட்டில் வந்து தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். நான் கவனிக்காத மாதிரி இருப்பேன்.

கடிதம் தரகரின் கையில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. ஒரு பக்கம் முழுக்க ஆங்கிலம். மாப்பிள்ளை தாய்க்கு அதைத் தமிழில் சொல்லியிருக்கிறார். அங்கே நடந்ததை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

"மூண்டோ? ஒண்டெண்டல்லோ சொன்னவள்," என்றாராம் தாய்.

"பொய் சொல்லியிருக்கிறா, அம்மா."

"ஏனாம்?"

"வெக்கத்தில போல."

தாய் கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "வருத்தமெண்டால் கடைசி மட்டும் இருக்கும். புத்தியில்லாத விசரெண்டால் வயசு போக மாறிவிடும். நாள் பாக்கச் சொல்லு," என்றாராம்.

வைகாசியில் கலியாணம். மாப்பிள்ளையின் மாமன் நகரத்தில் சோடித்த கார் ஒன்றை ஒழுங்குசெய்திருந்தார். அப்பா அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வீட்டிலிருந்து கோயிலுக்கு மணல் ஒழுங்கையால் பத்து நிமிட நடை, அதை நடந்தே போகலாம், பெண்ணை வாகனத்தில் ஏற்றும் பொறுப்பை இனி எடுக்க மாட்டேன் என்று ஒரே பிடி. பூசை முடிந்து திரும்பி வரும்போதும் எல்லாரும் நடந்தோம். மாப்பிள்ளையின் தாய், இப்போது என் மாமி, புதுச் செருப்பு மணலில் புதையப் புதைய என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தார்.

"பிள்ளை, இனி உனக்கு என்ன மருந்தெண்டாலும் என்ரை கையாலதான்," என்றார்.

"ஓம் மாமி."

"ஒண்டெண்டால் ஒண்டு."

"ஓம் மாமி."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றினார். ஒழுங்கை முடியும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார்.